நெற்றியில் விழுந்த தண்ணீர்

லேயாளின் பிள்ளை செத்த பிறகுதான் ஞானஸ்நானம் பெற்றான். இது அவளுக்கும் சத்தியநேசன் போதகருக்கும் மட்டுமே தெரியும். போதகர் உயிரே போனாலும் வாய் திறக்கமாட்டார் என்று அவள் நம்பியிருந்தாள். பாவம், நம்பிவிட்டாள்.

குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜன்னி கண்டு ஒரு நண்பகலில் கண் செருகிவிட்டது. அப்பன் எலியேசர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தகவல் கிடைத்துப் போதகர் வெயிலில் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது குழந்தை சில்லிட்டுப் போயிருந்தது. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. வேலிக்கு வெளியே, வேலாமரத்துக்கடியில், மணியும் இல்லாமல் ஜெபமும் இல்லாமல் மூடிவிட்டு வரவேண்டியதுதான். யார் போட்ட சட்டமோ, பிள்ளை பெற்றவள் எவளும் போட்டிருக்கமாட்டாள்.

லேயாள் போதகரின் காலைக் கட்டிக்கொண்டாள். "ஐயரே, எம்பையனை வேலிக்கு வெளிய போட்டுறாதீங்க. நாய் இழுத்துப் போடுமுங்க."

போதகர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பேரால் மூன்று தரம் நெற்றியில் விட்டு, ஈசாக்கு என்று பேர் வைத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே கடவுள் அந்த மனுஷனுடைய பாவத்தில் பாதியைத் தள்ளுபடி செய்திருக்கலாம். தள்ளுபடியான பாதியைப் பிறகு அவரே திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

"ஞானஸ்நானம் வாங்கிட்டுத்தானுங்க கண்ணை மூடுனான்" என்று புருஷனிடம் சொன்னாள் லேயாள். கோயில் மணி அடித்தது. நூல் வந்த பெட்டிப் பலகையை அறுத்து எலியேசர் தன் கையாலேயே ஒரு சிலுவை செய்து நட்டான். பெண்கள் குழி வரைக்கும் போகிற வழக்கமில்லை. கல்லறைத் திருநாளில் போய், குழந்தைகள் வரிசையில் அந்தச் சிலுவையைத் தேடிப் பிடித்து, பூ வைத்துவிட்டு வருவாள்.

அதற்குப் பிறகுதான் ஊருக்குள் எழுப்புதல் கூட்டம் வந்தது. சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து கொட்டகை போட்டார். எலியேசர் பீடிக்கட்டைத் தூக்கி எறிந்தான், தேம்பித் தேம்பி அழுதான், ஆளே மாறிப்போனான். மாறின கண்ணோடு தன் சபையைப் பார்த்தபோது அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. சபைக் கமிட்டியின் பெரிய தலை ஒரு கம்பெனி முதலாளி. ஞாயிற்றுக்கிழமையும் மிஷினை ஓட்டிவிட்டு, கோயிலில் இராப்போஜன அப்பம் வாங்க முதல் ஆளாக முழங்கால் போடுவார். போதகர் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. முதலாளி வீட்டு விருந்தில் நனைந்த வாய், என்ன கேட்கும்?

மனந்திரும்புங்கள் என்று சொன்னதோடு நின்றிருந்தால் சண்டை இவ்வளவு முற்றியிருக்காது. பேச்சு தண்ணீருக்குப் போயிற்று. குழந்தைக்குத் தெளிக்கிறது ஞானஸ்நானமே அல்ல, விசுவாசித்தவன் முழுகி எழவேண்டும் என்றார்கள் கொட்டகைக்காரர்கள். கோடையில் நொய்யல் ஆற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் கிடையாது. ஆகவே ஒரு பட்டறையின் சலவைத் தொட்டியைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் விட்டு, எலியேசரோடு பலரும் அதில் முழுகினார்கள். எத்தனை கழுவினாலும் பிளீச்சிங் பவுடர் விடுமா? எல்லோரும் கண் சிவந்து எழுந்தார்கள். ஆவியானவர் அழவைத்தார் என்று சாட்சி சொன்னார்கள்.

"நீயும் முழுகிரு புள்ள" என்றான் எலியேசர்.

"அப்ப நம்ம ஈசாக்குக்குக் குடுத்தது என்னங்க?"

"அது வெறும் தண்ணி."

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் விளக்க உட்கார்ந்தாள். அடுத்தவன் சொல்லியிருந்தால் அடுப்புக் கட்டையை எடுத்திருப்பாள்.

மறு ஞானஸ்நானம் எடுத்தவனைச் சபை விசாரிக்க வேண்டுமல்லவா? ஆராதனை முடிந்ததும் எலியேசரை முன்னால் நிறுத்தினார்கள். ஆண்கள் பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் லேயாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அறியாத குழந்தைக்கு என்னங்க மனந்திரும்புதல்?" என்று எலியேசர் குரலை உயர்த்தினான். "எம்பையன் நெத்தியில ஐயர் தெளிச்சாரே, அதுவும் வெறும் தண்ணிதானுங்க! அதுக்கு அங்கியும் வேசமும் எதுக்கு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் போதகரைக் கெடுத்தது.

"வெறும் தண்ணியா? அந்தத் தண்ணி இல்லைன்னா உன் பையன் வேலிக்கு வெளியே கிடப்பான்! உயிரோடயா தெளிச்சேன்? பொணத்துக்குத் தெளிச்சேன்டா, உன் பெண்சாதி என் காலைப் பிடிச்சு அழுததுக்காக!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன புண்ணியம்? கோயிலில் இருந்த அத்தனை தலையும் பெண்கள் பக்கம் திரும்பியது.

லேயாள் புருஷனை மட்டும் பார்த்தாள். பொய் சொன்னாயே என்று அடிக்க வரட்டும், இல்லை, இத்தனை நாள் தனியாகச் சுமந்தாயே என்று அழட்டும். இரண்டில் எது வந்தாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். எலியேசரின் முகத்தில் வந்தது சந்தோஷம்.

"கேட்டுக்கிட்டீங்களா சபையாரே! பொணத்துக்கு ஞானஸ்நானம் குடுக்கிற சபைங்க இது! செத்த சபைங்க!"

அவளுக்கு அப்போதுதான் பிள்ளை செத்தது.

எலியேசரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். அவன் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி சந்தைப்பேட்டையில் மைக் கட்டிக் கூட்டம் போட்டான். லேயாளையும் முன்வரிசையில் உட்காரவைத்தான். பேச்சின் உச்சத்தில் மேசைக்கடியிலிருந்து எதையோ எடுத்து உயர்த்தினான். நூல் பெட்டிப் பலகைச் சிலுவை. அடியில் ஈரமண் ஒட்டியிருந்தது.

"இதுதானுங்க சாட்சி! செத்த பொணத்து மேல நட்ட பொய்!"

கூட்டம் அல்லேலூயா என்றது. லேயாள் எழுந்து மேடையேறி, அவன் கையிலிருந்து சிலுவையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். "பிசாசின் தடை, ஜெபம் பண்ணுங்க" என்று மைக் பின்னால் கத்தியது.

நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அந்த வருஷம் அம்மையில் பல குழந்தைகள் போயிருந்தன. அடித்த மழையில் வரிசை முழுக்கக் கரைந்து, மேடெல்லாம் ஒன்றுபோலக் கிடந்தது. சிலுவை பிடுங்கின குழியும் ஈரமண் சரிந்து தூர்ந்துபோயிருந்தது. அங்குமிங்கும் நடந்து பார்த்தாள். பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பினாள்.

எலியேசர் தொண்டை கட்டிப்போய் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இதை எங்கிருந்து புடுங்குனீங்க?"

"அங்கதான். கொழந்தைங்க வரிசையில."

"எந்த மேடுங்க?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். பிறகு டம்ளரைக் கீழே வைத்தான்.

"கூட்டத்துக்கு நேரமாயிப்போச்சு, அவசரத்துல கவனிக்கல. அங்க என்ன புள்ள இருக்கு? வெறும் மண்ணுதான்."

லேயாள் சிலுவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இனி எந்த மண்ணைப் பார்த்து அழுவது என்பதுகூட அவளுக்குத் தெரியாமல் போயிற்று.