மேலாளரின் டெஃபனட்லி

'டெஃபனட்லி' என்றால் நிச்சயமாக என்று பொருள். எல்லை வகுப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. எங்கள் மேலாளர் அதை எல்லையில்லாமல் வழங்கினார். புது மின்விசிறியா? டெஃபனட்லி. பதவி உயர்வா? டெஃபனட்லி. அவர் அப்படிச் சொன்ன எதுவும் இதுவரை நடந்ததில்லை.

தட்டச்சுக்காரம்மாவின் கணவரும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். மாற்றல் கேட்டு வருடத்துக்கு ஒரு மனு கொடுத்தார். மூன்று வருடமும் டெஃபனட்லிதான் கிடைத்தது. நேற்று நான்காவது மனுவோடு உள்ளே போய்த் திரும்பியபோது அவர் முகம் தொங்கியிருந்தது.

"என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டாள் பக்கத்து மேசைக்காரி.

"ரொம்பக் கஷ்டம்மா, எழுதிப் பாக்கறேன்னாரு."

"அந்த வார்த்தை?"

"சொல்லலையே."

"ஒரு தடவைகூடவா?"

"தலையைச் சொறிஞ்சாரு. அவ்வளவுதான்."

"அட, அப்போ பெட்டியைக் கட்டுங்கக்கா!"

கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தோம். கையெழுத்தைத் தவிர எதையும் எழுதியறியாத மேலாளர், தலைமை அலுவலகத்துக்கு இரண்டே விரல்களால் கடிதம் தட்டிக்கொண்டிருந்தார்.

தட்டச்சுக்காரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு போய், "எழுந்திருங்க சார், நானே அடிச்சுடறேன்" என்றார்.