இரண்டு பேருக்கு ஓர் அடுப்படி

அடுப்படிக்கு அடித்திருந்த முளைக்குச்சிகள் கூடத்திற்குள் நாலடி வந்து நின்றன. ஜொஹரா பீவி குடையை மடக்கி, அதையே அளவுகோலாக வைத்து இரண்டு முறை அளந்து பார்த்தாள். அவள் கைப்பட வரைந்து கொடுத்த தாளில் அடுப்படி எட்டடிக்கு எட்டடி. இங்கே நூல் கட்டியிருந்த இடத்தில் ஒரு லாரியையே நிறுத்தலாம்.

"உடையப்பன், இது யாரு சொல்லி அடிச்ச முளை?"

கான்ட்ராக்டர் உடையப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நேத்து அண்ணே வந்தாரு, அக்கா. பெரிய அடுப்பு ரெண்டு வைக்கணும், தேக்சாப் பானைய எறக்கி வைக்க எடம் வேணும்னாரு. வீட்டுல பேசி முடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன் லா."

அண்ணே என்றால் அவள் புருஷன் மீரா சாஹிப். செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, குனோங் ராபாட் சுண்ணாம்பு மலையை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை நடத்திய மனிதர். போன வருடம்தான் கடையைத் தங்கை மகனிடம் விட்டார். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில். ஐந்து அறை மாடி வீட்டில் மேலே ஏறிப் பார்த்து ஜொஹராவுக்கு எட்டு மாதம் ஆகிறது; முட்டி விடவில்லை. மாடியில் பல்லிகள்தான் குடித்தனம் நடத்துகின்றன. அதனால்தான் அதை விற்க ஏற்பாடு செய்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி இந்தத் துண்டு நிலத்தில், ஒரே படுக்கையறையும் படியே இல்லாத வாசலுமாக ஒரு வீடு. இதற்கு அவரைச் சம்மதிக்க வைக்கவே மூன்று வருடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இப்போது பின்வாசல் வழியாகக் கடையை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார். ஜொஹராவுக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த நாலடியை விட்டுக்கொடுத்தால் பின்னாலேயே சாமான் அறை வரும். கடைசியில் மறுபடியும் அவள்தான் ஐம்பது பேருக்கு வெங்காயம் உரிக்க வேண்டும்.

நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"என்னங்க, எதுக்கு இவ்ளோ பெரிய அடுப்படி?"

"வருஷா வருஷம் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் குடுக்குறோம்ல."

"பள்ளிவாசல்ல அடுப்பு இருக்கு. அங்க போயி காய்ச்சுங்க, நான் வேணாங்கல."

"பெருநாளைக்குப் புள்ளைங்க வந்தா?"

"வந்தா அன்னைக்குப் பாத்துக்கலாம். ரெண்டு நாளைக்காக வருஷம் பூரா நான் கூட்டித் தொடைக்கணுமா?"

மீரா சாஹிப் காலடியில் கிடந்த மணலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு பேருக்கு எனக்கு ஆக்கத் தெரியாது புள்ள."

நாற்பது வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாவம் பார்த்தால் நினைத்த வீட்டைக் கட்ட முடியாது. திரும்பி நடந்து, வலிக்கிற முட்டியோடு குனிந்து, முதல் முளையை அவளே பிடுங்கினாள். இரண்டாவதைப் பிடுங்க உடையப்பன் ஓடி வந்தார்.

"எட்டுக்கு எட்டு. இனிமே யாரு வந்து சொன்னாலும் என்னையக் கேட்டுட்டுதான் நூலு கட்டணும்," என்றாள்.

மறுநாள் பகல் மீரா சாஹிப் பழைய வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். "இன்னைக்கு நான் ஆக்குறேன். ரெண்டு பேருக்கு மட்டும்." ஜொஹரா தடுக்கவில்லை. இரண்டு துண்டு மீன், ஒரு தக்காளி, இருப்பதிலேயே சின்னச் சட்டி. அரிசியை அளந்து போட்டுவிட்டு, நம்பிக்கையில்லாமல் மறுபடியும் அளந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. உப்பு விஷயத்தில் மட்டும், முப்பத்தைந்து வருடம் தேக்சாவுக்குப் போட்டுப் பழகிய கை, அவரைக் கேட்காமலே ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டது.

முதல் வாயிலேயே ஜொஹராவுக்கு நாக்கு எரிந்தது. மீரா சாஹிப்பும் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு போக எழுந்தார்.

"வைங்க," என்றாள். "நாளைக்கும் நீங்கதான் ஆக்கணும்."

சட்டியைத் தன் பக்கம் இழுத்து, மிச்சமிருந்த சோற்றில் இன்னொரு கரண்டி மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்தாள்.