பருந்தை அடித்த நேரம்

லுஜைனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நானும் என் நண்பன் சுஹைபும் லுவைப்தே பேட்டையில் அபூ தலாலின் கார்டுக் கடைக்குப் போய் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவோம். அவன் கார்டுக் கட்டுக்குள் 'சிவப்புப் பருந்து' என்று ஒரு கார்டு. அதன் ஓரத்தில் இருக்கும் தேநீர்க் கறைகூட நான் சிந்தியதுதான். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "உயிரைக் கேளு தர்றேன், பருந்தை மட்டும் கேக்காத" என்பான். லுஜைன் பல் மருத்துவம் படிக்கிறவள், விளையாட வந்து மூன்றே மாதம். போன வாரம் அந்தப் பருந்தை அவள் கட்டுக்குள் பார்த்தேன். அவள் கேட்கக்கூட இல்லையாம், இவனாகவே கொடுத்தானாம்!

துபாயில் நடக்கும் ஜோடிப் போட்டிக்கு சுஹைப் ஏற்கெனவே தேர்வாகிவிட்டான். அவனோடு ஜோடியாகப் போவது யார் என்று முடிவு செய்யத்தான் அன்றைய ஆட்டம். கடைசியில் மிஞ்சியது நானும் அவளும்.

"பாத்து அடிங்க மிக்தாத் அண்ணே, நான் புதுசு," என்றாள்.

"புதுசுக்குப் பழைய பருந்து எதுக்கும்மா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுஹைப் சிரிக்கவில்லை. எந்தப் போட்டியிலும் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவன், அன்றைக்கு அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

ஆட்டம் முற்றியபோது என்னிடம் மூன்று உயிர்தான் மிச்சம். ஆனால் முறை இன்னொரு தடவை என்னிடம் வந்தால் அவள் கதை முடிந்தது. அவளிடம் பருந்தும் ஒரு கழுதைக் கார்டும் இருந்தன. கழுதையின் அடி மூன்று. தடுப்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கல்மதில். கையில் மறைத்து வைத்திருந்த 'மணல் புயல்' எந்த மிருகத்தையும் ஒரே வீச்சில் கொல்லும்.

பருந்தின் வித்தை இதுதான். அது தாக்கப் புறப்பட்டதும் எதிராளியின் தடுப்பு ஒன்றைத் தூங்க வைக்கும். அதை ஆடுகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிராளி தடுப்பை நகர்த்துவதற்குள் சொல்லாவிட்டால் வித்தை போச்சு. ஆகவே பருந்தை அது புறப்படும் முன்னே கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தடுப்பு வைத்த பிறகு கொல்ல வேண்டும். நடுவில் அடித்தால் பருந்து சாகும், அது ஏவிய வித்தை சாகாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

"சண்டைக்குப் போறேன்," என்றாள் லுஜைன். எதிராளிக்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்குமோ என்று இந்த இடத்தில் ஒரு மூச்சு காத்திருப்பது வழக்கம். அவளும் காத்திருந்தாள். நானோ சுஹைபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரமிய்யா இலை போட்ட தன் தேநீரில் பாதியை அவள் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தான், பாவி.

"ஒண்ணும் இல்லையா அண்ணே?"

"போ, போ."

தாக்கப் புறப்பட்டதற்கு அடையாளமாகப் பருந்தையும் கழுதையையும் பக்கவாட்டில் திருப்பிவிட்டுக் கையை எடுத்தாள். வித்தையைச் சொல்லவே இல்லை! சுத்தமாக மறந்துவிட்டாள். சுஹைப் உதட்டைக் கடித்தான். வேடிக்கை பார்ப்பவன் வாய் திறக்கக் கூடாது.

நான் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். கல்மதிலைக் கழுதைக்கு முன்னால் நகர்த்திவிட்டு, அப்புறம் நிதானமாகப் பருந்தைக் கொன்றால் போதும், துபாய் எனக்குத்தான். ஆனால் அந்தத் தேநீர்க் கறை என் கண்ணில் பட்டுத் தொலைத்தது. சுஹைபின் கண்ணெதிரே அதை அடித்து வீழ்த்த வேண்டும், அவன் மூஞ்சி தொங்குவதைப் பார்க்க வேண்டும், அதுவும் இப்போதே. வேறு எதுவும் தோன்றவில்லை.

"மணல் புயல்! செத்துது உன் பருந்து!"

கார்டை மேஜையில் ஓங்கி அறைந்துவிட்டுக் கையை எடுத்தேன். கொறிக்க வைத்திருந்த தர்பூசணி விதைகள் சிதறின, பருந்து சறுக்கிக்கொண்டு என் பக்கம் வந்து விழுந்தது. அபூ தலால் கடையில் கையை எடுத்தால் எடுத்ததுதான், போட்டதைத் திருப்பி எடுக்க முடியாது.

லுஜைன் நிமிர்ந்தாள். "ஒரு நிமிஷம். பருந்து புறப்பட்டுடுச்சுல்ல? நீங்க இன்னும் தடுப்பு வைக்கலையே?"

"வைக்கல," என்றார் நடுவராக நின்ற அபூ தலால்.

"அப்போ வித்தை இருக்கு. மதில் தூங்கட்டும்."

"சரியாத்தான் சொல்றா," என்று அவர் என்னைப் பார்த்தார். "பேசாம மதிலை நகத்தியிருக்கலாமேப்பா."

கழுதை வந்து என் மூன்று உயிரையும் கொண்டுபோனது. போயும் போயும் ஒரு கழுதை!

"சத்தியமா மறந்தே போயிட்டேன் அண்ணே. நீங்க பருந்துன்னு கத்தினதும்தான் ஞாபகம் வந்துச்சு," என்றாள். அதைப் பெருமைக்காகவும் சொல்லவில்லை. அதனாலேயே இன்னும் எரிந்தது.

சுஹைப் என் பக்கம் வந்து குனிந்தான். "என்னடா பண்ணித் தொலைச்ச? எத்தனை தடவை பழகியிருப்போம் இதை?"

"எனக்குத் தராததை அவளுக்குக் குடுத்தியே, அதான்."

"லூசு. ஆறு வருஷமா உன்னை ஜெயிக்க என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். உன்கிட்டயே எப்படிடா குடுப்பேன்?"

"இப்ப மட்டும் ஏன் குடுத்த?"

"துபாய்ல நீயும் நானும் ஒரே பக்கம்தானேன்னு நெனச்சேன். இனிமே உன்னை எதுக்கு ஜெயிக்கணும்?"

லுஜைன் தன் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தப் பருந்தைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

எடுத்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அது என் கையில் இருந்தது. மேஜையில் அவள் முன்னால் வைத்தேன். ஆனால் விரல் அதைவிட்டு வரவில்லை.

"கையை எடுடா," என்றான் சுஹைப் மெதுவாக.

எடுத்தேன்.