வெர்லின் சோதனைக்கு அனுப்பிய ஆயில்

கோதுமை அறுவடை முடிந்த வாரம் வெர்லின் ஹாகனின் பிக்கப் வண்டி நீலப் புகை கக்க ஆரம்பித்தது. ஆயில் மளமளவென்று குறைந்தது. மூன்று மாதம் முன்புதான் ட்வைலாவின் பட்டறையில் ஆயில் மாற்றியிருந்தான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலிருந்த அந்தச் சிற்றூருக்கு அவள் ஒருத்திதான் மெக்கானிக்.

காபிக்கடையில் வெர்லின் வாயை அடக்கவில்லை. “டீசல் வண்டிக்கு ஏத்த நல்ல ஆயில்னு சொல்லி, பீப்பாயில கிடந்த மட்டமானதை ஊத்திட்டா!”

அதைக் கேட்டு ஊரில் மூன்று பேர் தங்கள் வண்டிகளைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவள் குட்டை உடைக்கவென்றே வெர்லின் இன்ஜினிலிருந்து கொஞ்சம் ஆயிலைக் குப்பியில் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினான்.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. ஆயில் சரியான ரகம்தான், தரத்தில் குறையில்லை. ஆனால் மண்தூசி வழக்கத்தைவிட ஆறு மடங்கு, கூடவே தேய்ந்த இரும்புத் துகள். ‘தூசி காற்றோடு உள்ளே போகிறது, ஏர் ஃபில்டரைப் பாருங்கள்’ என்று அடியில் ஒரு வரி.

பானெட்டைத் திறந்தான். ஃபில்டர் மூடியின் இரண்டு கிளிப்புகள் மாட்டாமல் தொங்கின. அறுவடை அவசரத்தில் ஃபில்டரைக் கழற்றி, டயரில் தட்டித் திரும்ப வைத்தது அவனேதான். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் விரலை விட்டான். மாவுபோலப் புழுதி ஒட்டியது. பக்கத்தில் யாருமில்லை, ஆனாலும் முகம் எரிந்தது. போன குளிர்காலத்தில் பனியில் நின்றுபோன இதே வண்டியை வந்து கிளப்பிக் கொடுத்தவள் ட்வைலா.

மறுநாள் காபிக்கடையில், தினமும் அங்கே வரும் பெரியவர் ஆரின் கேட்டார். “என்னப்பா, ரிப்போர்ட் வந்துச்சா? மாட்டிக்கிட்டாளா?”

“இன்னும் வரல.”

“வந்தா என்ன, வராட்டி என்ன. அங்க போகாதேன்னு எங்க மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன்.”

வெர்லின் காபியை அப்படியே வைத்தான். எழுந்து நேரே பட்டறைக்குப் போய், சட்டைப்பையிலிருந்த அறிக்கையை நீட்டினான்.

“தப்பு என்னோடது ட்வைலா. மன்னிச்சிடு.”

அவள் நிதானமாகப் படித்தாள். “நான் என்ன ஊத்தினேன்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட வந்து ஏன் சொல்றீங்க? பேசின இடத்துல போய்ச் சொல்லுங்க.”

அறிக்கையை வாங்கிக்கொண்டு காபிக்கடைக்குத் திரும்பிப் போனான். எல்லோரும் கேட்க, நின்றபடியே வரிவரியாகப் படித்தான். கிளிப்பை மாட்டாமல் விட்டது தான்தான் என்றும் சொன்னான்.

“அப்ப இன்ஜினுக்கு மண்ணு போட்டது நீதானா!” என்று யாரோ சிரித்தார்கள். ஆரின் சிரிக்கவில்லை, கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மூவரில் இருவர் ட்வைலாவிடம் திரும்பினார்கள். வெர்லினின் இன்ஜினையும் அவளே பிரித்துச் சரிசெய்தாள். வழியில் கண்டால் எப்போதும்போல் நலம் விசாரிப்பாள். அவனால்தான் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.