மேஜருக்கு விசில் ஆகாது

கல்யாணத்தில் மாப்பிள்ளைதான் குதிரையில் வர வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று நான் கேட்டதும், என் வருங்கால மாமியார் சுசீலா அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

குதிரை ஆசை அவருடையதுதான். போன வருஷம் அவருடைய அண்ணன் மகன் ரிசப்ஷனுக்குக் குதிரையில் வந்து இறங்கினான். அன்றிலிருந்து தன் மகனும் அப்படி வர வேண்டும் என்று அத்தைக்குத் தூக்கமே இல்லை. கௌதமுக்கோ குதிரை என்றால் குலைநடுக்கம். சின்ன வயதில் மெரினாவில் ஒரு குதிரை அவன் கையிலிருந்த பஞ்சுமிட்டாயோடு சட்டைக் கையையும் சேர்த்துக் கடித்து இழுத்ததாம். அண்ணனூர் கார் ஷெட்டில் மின்சார ரயிலுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவன், குதிரைப் படத்தைக் காட்டினாலே இரண்டடி தள்ளி உட்காருவான்.

"ரயிலு கடிக்காதும்மா" என்றான் அம்மாவிடம்.

"அப்போ நான் வரேன் அத்தை. எனக்கு ஓட்டத் தெரியும்" என்றேன். பொய் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை எனக்கு. வாரம் முழுக்க இரும்பு வளையங்களில் குறை கண்டுபிடித்துக் கண் பூத்துப்போகும். அதனால் ஞாயிறு காலையில் முத்தாபுதுப்பேட்டையில் யூசுப் பாயிடம் குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். குதிரை முதுகில் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு முழுசாக வரும். பொம்மை மாதிரி அலங்காரம் பண்ணி, பூ சுற்றிய காரில் தலையைக் குனிந்துகொண்டு போய் இறங்க எனக்குப் பிடிக்கவில்லை. என் கல்யாணத்துக்கு நான் நிமிர்ந்து போக வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

"பொண்ணு குதிரையில வந்தா மாப்ள இன்னா பண்ணுவான், பின்னாடி நடந்தா வருவான்?" என்றார் அத்தை.

"நடந்து வரேம்மா" என்றான் கௌதம். அன்றைக்குத்தான் எனக்கு அவனை ரொம்பப் பிடித்தது.

அத்தை நெடுநேரம் யோசித்தார். அண்ணன் வீட்டில் மாப்பிள்ளை மட்டும்தானே வந்தான், நம் வீட்டில் மருமகளே குதிரையில் வருகிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடியது. "சரி, வா. ஆனா மண்டபத்து வாசல்ல அந்தக் குதிர அசிங்கம் கிசிங்கம் பண்ணிச்சின்னு வெச்சுக்கோ, உன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டிக்கினே இருப்பேன்" என்றார். சொன்னால் செய்கிறவர் அவர்.

யூசுப் பாய் எனக்குக் கொடுத்த குதிரையின் பெயர் மேஜர். ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரை. செம்பட்டை நிறம், நெற்றியில் விபூதி இட்டது போல ஒரு கோடு. "காயடிச்ச குதிர மேடம். சாது. பொட்டக் குதிரய பாத்தாக்கூட திரும்ப மாட்டான்" என்று பாய் உத்தரவாதம் கொடுத்தார். அது உண்மைதான். மாதக்கணக்காக என்னைச் சுமந்ததில் ஒரு நாளும் அவன் முரண்டு பிடித்ததில்லை.

கௌதம் என் பயிற்சியைப் பார்க்க வர ஆரம்பித்த பிறகுதான் கெட்டது எல்லாம்.

அவன் வேலிக்கு வெளியே பத்திரமாக நிற்பான். நான் மேஜரைத் துள்ளுநடைக்குக் கொண்டுவருவேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று மேஜர் பிரேக் போட்டது போல நிற்பான். முன்காலை முன்னாலும் பின்காலைப் பின்னாலும் நீட்டி, முதுகைத் தாழ்த்தி, மறைவாக இருக்க வேண்டியதை எல்லார் பார்வைக்கும் தொங்கவிட்டு, சாவகாசமாக ஒன்றுக்குப் போவான். மேலே நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குதிரை ஒன்றுக்குப் போவதென்றால் ஏதோ சொட்டு மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். தெருக் குழாய் உடைந்த மாதிரி இருக்கும். லாயத்துக்குப் பக்கத்து வீட்டு சுதா அக்கா மாடியில் துணி காயப்போடுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

"அடிக்காதீங்க மேடம்" என்று பாய் ஓடி வருவார். "அங்கவடிய மிதிச்சு எழுந்து நில்லுங்க. முன்னாடி சாஞ்சுக்கங்க. முதுகுல வெயிட் இருந்தா அவனுக்குக் கஷ்டம்." நானும் கால் வளையத்தில் ஊன்றி எழுந்து, பிடரியைப் பிடித்துக்கொண்டு, மேஜர் அவர்கள் முடிக்கும் வரை காத்து நிற்பேன். மேஜர் என்று பெயர் வைத்தால் மரியாதையும் கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. கௌதம் வந்த ஞாயிறெல்லாம் இதே கூத்து. உள்ளே ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும் நிற்பான், நீட்டுவான், முக்குவான். கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சிறுநீரகம் கிண்ணென்று இருக்கிறது, குதிரைக்கு ஒரு குறையும் இல்லை என்று போய்விட்டார். சேணத்தை மாற்றினோம். தீவனத்தை மாற்றினோம். மாறாமல் இருந்தது கௌதம் மட்டும்தான்.

என் வேலை அப்படி. ஒரு குறை வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். எது புதிதாக நுழைந்ததோ அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

"நீ இனிமே வராத" என்றேன்.

"நான் இன்னா பண்ணேன் தாட்சா? தூரமாத்தான நிக்கிறேன்?"

"உன்னைப் பாத்தா அவனுக்கு ஒண்ணுக்கு வருது."

முகம் சுருங்கிப்போய்விட்டது அவனுக்கு. "எனக்குத்தான் அவன பாத்தா வரணும்" என்று முனகிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அந்த வாரம் போன் பேசினாலும் சுரத்தே இல்லை.

அடுத்த ஞாயிறு கௌதம் இல்லை. மேஜர் தங்கமாக ஓடினான். பார்த்தாயா, நான் சொன்னது சரி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சுதா அக்கா புதிதாக வாங்கிய குக்கர் விசில் அடித்தது. மேஜரின் காது அந்தப் பக்கம் திரும்பியது. மறுபடி ஒரு விசில். மேஜர் நின்றான். காலை நீட்டினான்.

நான் எழுந்து நின்றபடியே யோசித்தேன். கௌதம் வேலிக்கு வெளியே நின்று என்ன செய்வான்? நான் நன்றாக ஓட்டும்போதெல்லாம் இரண்டு விரலை வாயில் வைத்து வீச்சென்று விசில் அடிப்பான். சந்தோஷம் வந்தால் இந்த ஊர்க்காரனுக்குக் கை தட்டத் தெரியாது, விசில்தான்.

"பாய்! இவனுக்கும் விசிலுக்கும் என்ன சம்பந்தம்?"

யூசுப் பாய் கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு நின்றார். வாய் மெதுவாகத் திறந்துகொண்டது. "யா அல்லா. தெனம் காலைல நான்தான மேடம் விசில் அடிச்சு இவன ஒண்ணுக்கு வுடறேன்! லாயத்துல ஈரமாவக் கூடாதுன்னு வெளிய நிக்கவெச்சு ஊதுவேன். ரேஸ்ல கத்துக்குடுத்த பழக்கம். கொழந்தைக்கு நம்ம ஸ்ஸ்ஸ்னு சொல்றோமில்ல, அந்த மாதிரி."

"இத்தனை நாள் உங்களுக்கு இது தோணலையா பாய்?"

"நான் மெதுவா ஊதறேன் மேடம். அவரு அடிக்கிறது பாராட்டு விசிலு. அது வேற, இது வேற."

"அந்த வித்தியாசம் மேஜருக்குத் தெரியுமா?"

பாய் மேஜரைப் பார்த்தார். மேஜர் தன் வேலையை முடித்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாவம் கௌதம், பாராட்டிய குற்றத்துக்குத் துரத்திவிட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அன்று மதியமே ஆவடியில் பிரியாணி வாங்கிக்கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

சிரித்து முடித்ததும்தான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கல்யாண ஊர்வலத்தில் விசில் அடிக்காத ஆள் இந்த ஊரில் உண்டா?

பழக்கத்தை மறக்கடிக்க முடியுமா என்று பாய் வெல்லக்கட்டியோடு முயன்று பார்த்தார். விசில் கேட்டால் மேஜர் நின்று, நீட்டி, வெல்லத்தையும் வாங்கித் தின்றான். ஆகவே ஊரைத்தான் அடக்க வேண்டியிருந்தது. கௌதம் தன் கார் ஷெட் கூட்டாளிகளைக் கூட்டி வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"விசில் அடிக்காத கல்யாணத்துக்கு இன்னாத்துக்கு மச்சான் வரணும்?" என்றான் மோகன். அந்தக் கூட்டத்திலேயே பெரிய விசில் அவனுடையதுதான்.

"சாப்பாட்டுக்கு வா மாமே. வாயத் தொறக்காம வா."

கடைசியில் எல்லாரும் சத்தியம் செய்தார்கள். பேண்டு மாஸ்டரிடமும் சொல்லி வைத்தோம்.

ரிசப்ஷன் நாள் சாயந்திரம் பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பாடு. மண்டபம் அம்பத்தூர் போகும் மெயின் ரோட்டிலேயே இருந்தது. பாய் மேஜரைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போய் மெல்ல ஊதி, வயிற்றைக் காலி பண்ணிக் கூட்டி வந்தார். பட்டுத் துணியில் தைத்த நீளக் குர்தா, கீழே பேன்ட், தலை நிறையப் பூ என்று நான் தயார். போட்டோக்காரர் மட்டும் வரவில்லை. எங்கோ டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். அவர் வருவதற்குள் சுசீலா அத்தைக்கு மேஜர் மேல் இரக்கம் வந்துவிட்டது. "வாயில்லா ஜீவன், எவ்ளோ நேரமா வெக்கையில நிக்குது" என்று வாளி வாளியாகத் தண்ணீர் காட்டினார். நான் மேக்கப்பில் இருந்தேன், பாய் டீ குடிக்கப் போயிருந்தார். கேள்விப்பட்டபோது மேஜரின் வயிறு மத்தளமாகியிருந்தது.

புறப்பட்டோம். பேண்டு முழங்கியது. மேஜர் கழுத்தை வளைத்து, மாலை குலுங்க, அவ்வளவு அழகாக நடந்தான். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். யாரோ ஒரு பாட்டி கையை நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார். கௌதம் பட்டு வேட்டியில், என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, மேஜரின் வாய்க்கு எட்டாத தூரத்தில் நடந்து வந்தான். மோகன் வகையறா உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் நினைத்த மாதிரியே நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தேன்.

மண்டப வாசலில் சுசீலா அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றார். அண்ணன் குடும்பம் மொத்தமும் அவர் பக்கத்தில். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்த மாநகரப் பேருந்துக்கு வழி கிடைத்தது. கண்டக்டர் படியில் தொங்கி, டிரைவருக்கு டபுள் விசில் கொடுத்தார்.

மேஜர் நின்றான்.

"டேய், வேணாம்டா" என்று அவன் காதில் கெஞ்சினேன். அவன் முன்காலை நீட்டிவிட்டான். ஆரத்தித் தட்டு அந்தரத்தில் நின்றது. பேண்டு ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்தது. எனக்கு அழுகை முட்டியது. குதித்து இறங்கி ஓடிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் நடுவில் குதித்தால் அவன் மிரண்டுவிடுவான், உட்கார்ந்திருந்தாலும் அவனுக்குக் கஷ்டம். அங்கவடியை மிதித்து எழுந்து, முன்னால் சாய்ந்து, ஒரு கையால் பிடரியைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

கூட்டத்துக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. கல்யாணப் பெண் குதிரை மேல் எழுந்து நிற்கிறாள்! மோகன் சத்தியத்தை மறந்தான். அவன் ஆரம்பித்ததும் தெருவே விசில் அடித்தது. பஸ்ஸுக்குள்ளிருந்தும் அடித்தார்கள். மேஜருக்கு அவ்வளவு உற்சாகம் ஒரே நேரத்தில் கிடைத்ததே இல்லை. அத்தை கொடுத்த வாளிகள் எல்லாம் கணக்குத் தவறாமல் கீழே இறங்கின.

பின்னால் தள்ளிய கூட்டத்தில் மேஜர் மிரண்டு தலையை உதறினான். நான் தடுமாறினேன். பாய் கூட்டத்துக்குள் சிக்கியிருந்தார். அப்போது ஒரு கை வந்து கடிவாளத்தைப் பிடித்தது. கௌதம். பட்டு வேட்டி முழங்கால் வரை நனைய, மேஜரின் பல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "ஒண்ணியும் இல்லடா நைனா, போ, நிம்மதியா போ" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணை இறுக மூடியிருந்தான். பிடியை மட்டும் விடவில்லை.

ஒருவழியாக மேஜர் முடித்துக்கொண்டு உடம்பைச் சிலிர்த்தான். அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஈரத்தைத் தாண்டி வந்தார். ஆயுசுக்கும் கேட்கப்போகிற பேச்சின் முதல் வரிக்கு நான் தயாரானேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகனையே பார்த்தார்.

"டேய், குதிர படத்தக் காட்னாலே ஓடுவியேடா. எப்புட்றா கிட்ட போன?"

கௌதம் கடிவாளத்தை விடாமல் என்னை அண்ணாந்து பார்த்தான். "மேல அவ கீறாம்மா."

அத்தை தட்டை உயர்த்தினார். ஆரத்தியை எனக்குச் சுற்றினார், அவனுக்குச் சுற்றினார், கொஞ்சம் யோசித்து மேஜருக்கும் சுற்றினார். பிறகு அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பி, "எங்க ஊட்டு குதிர வாசல் தெளிச்சிட்டுதான் உள்ள வரும்" என்று உரக்கச் சொன்னார்.