சுத்தியலின் சத்தம்

அன்று காற்று அடிக்கவில்லை. மார்லிஸுக்கு அது பிடிக்கவில்லை. கிழக்கு மொன்டானாவில் காற்று அடித்தால் எதுவும் சரியாகக் காதில் விழாது, யாருக்கும். காற்று நின்ற நாளில் எல்லோருக்கும் எல்லாமே கேட்கும். அவள் கணவர் வெர்லினைத் தவிர.

டுவேன் ஹெக்ஸ்டாட்டின் பண்ணையில், காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைக்குப் பின்னால், காய்ந்த புல்லுக்குள் ஒரு சேசிஸ் கிடந்தது. ஐம்பத்தேழாம் வருட பிக்கப் வண்டியின் அடிச்சட்டம். எஞ்சினும் இல்லை, கேபினும் இல்லை. இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், அச்சுகள். மேலெல்லாம் துரு.

கோல்ட்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். மார்லிஸின் தம்பி மகன். அவன் மனைவி ப்ரீ கர்ப்பமாக இருந்தாள். அதே வருட வண்டியின் கேபினை அவன் பெயின்ட் அடித்துத் தயாராக வைத்திருந்தான். அதன் சொந்தச் சேசிஸ் ஒரு விபத்தில் முறுக்கிக்கொண்டுவிட்டது.

"அத்தை, பனி உருகறதுக்குள்ள வண்டிய ஓட்டிடுவேன் பாருங்க. புள்ளைய ஆஸ்பத்திரியிலேர்ந்து இதுலதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு ப்ரீகிட்ட சொல்லிட்டேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"முதல்ல ஹீட்டர் வேலை செய்யுதா பாருன்னா."

டுவேன் சிரித்தார். "துருவப் பாத்துப் பயப்படாத தம்பி. இந்த ஊர்ல மழையே கிடையாது. இங்க துருங்கறது இரும்புக்குப் போட்ட பவுடர் மாதிரி. உள்ள தொடாது. எங்கப்பா கடைசி வரைக்கும் மாடுங்களுக்கு உப்புக்கட்டி ஏத்திக்கிட்டு இதுலதான் மேய்ச்சல் பூராவும் சுத்துனாரு. ஒரு நாள் நின்னதில்ல."

மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள். உப்பு. வறண்ட ஊரில் துரு ஆழமாக இறங்காது என்பதை இங்கே யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் வருடக்கணக்கில் உப்பு உதிர்ந்து சட்டங்களுக்கு இடையில் தங்கினால், பனியின் ஈரமே போதும். கோல்ட்டர் அதைக் கவனிக்கவில்லை. வெர்லினுக்கு அது கேட்கவே இல்லை. டுவேன் அவருக்குப் பின்னால் நின்று பேசினார்.

வெர்லின் வேலையை ஆரம்பித்தார். சுற்று வட்டாரத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பு, "வெர்லின் தட்டிப் பாத்தாரா?" என்றுதான் கேட்பார்கள். முதலில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு சட்டங்களையும் நீளவாக்கில் பார்த்தார். டேப்பின் ஒரு முனையைக் கோல்ட்டரைப் பிடிக்கச் சொல்லி மூலைக்கு மூலை அளந்தார். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது. முறுக்கல் இல்லை. பிறகு சுத்தியலை எடுத்தார்.

மார்லிஸ் டார்ச் லைட்டோடு அவருக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். எப்போதும் அவள் நிற்கிற இடம்.

நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும். உள்ளே தின்னப்பட்ட இரும்பு ஒலிக்காது. வெர்லின் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ணங். ணங். ணங்.

அவர் காது போய்விட்டது அவளுக்குத் தெரியும். பட்டறையில் வாழ்நாள் முழுக்க இரும்பறுக்கும் சத்தத்தில் கெட்ட காது. அடுப்பில் கெட்டில் விசிலடித்துக்கொண்டே இருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வண்டியில் இண்டிகேட்டரை அணைக்காமல் மைல் கணக்கில் ஓட்டுவார். பேச்சு ஓரளவு புரியும், வாயைப் பார்த்துவிட்டால். மெல்லிய ஒலிகள் எதுவும் கிடையாது. அவள் ஒரு தடவை டாக்டர் என்று ஆரம்பித்தாள். அவர் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். ஆனாலும் இதுவரை அவருடைய தீர்ப்பு ஒன்றுகூடத் தவறவில்லை. எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. கையில் வரும் அதிர்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறுகிற இடத்தில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ரிவிட் அடித்திருந்தது.

தொப்.

வெர்லின் சுத்தியலை நிறுத்தினார். இன்னொரு தடவை தட்டினார். தொப். ஈரத் தலையணையை அடித்த மாதிரி.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் முகத்தை அசைக்கவில்லை. டுவேன் அருகிலேயே நின்றார். கொஞ்ச நேரம் முன்புதான், "என்ன வெர்லின், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறே, பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது அடைச்சுப் போச்சா?" என்று கேட்டிருந்தார். டுவேனுக்கு முன்னால் வெர்லினின் காதைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு டார்ச்சை அடுத்த இடத்துக்கு நகர்த்தினாள்.

வெர்லின் மிச்சத்தையும் தட்டிவிட்டு எழுந்தார். முழங்காலில் ஒட்டிய புல்லை உதறினார்.

"நல்ல இரும்பு. எடுத்துக்கோ."

அவள் வாயைத் திறப்பதற்குள் கோல்ட்டர் கையை நீட்டிவிட்டான். டுவேன் அதைப் பிடித்துக் குலுக்கினார். இந்தப் பக்கத்தில் கை குலுக்கினால் முடிந்தது. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

கோல்ட்டர் டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்துவரப் போனான். டுவேன் டிராக்டரைக் கிளப்பப் போனார். மார்லிஸ் வெர்லினின் கையைப் பிடித்து மரங்களுக்குப் பக்கமாக இழுத்துப் போனாள்.

"பின்னச்சுக்கு மேல செத்துப்போயிருக்கு, வெர்லின். ரெண்டு தடவையும் தொப்புன்னுது."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைப் பார்த்தார்.

"நீ மூஞ்சியச் சுளிக்கலையே."

"என்னது?"

"கெட்ட சத்தம் வந்தா உனக்கு இந்தப் பக்கம் இழுக்கும்." அவள் வாயோரத்தைத் தொட்டுக் காட்டினார். "எப்பவும் இழுக்கும். கல்யாணமான புதுசுலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்கு இழுக்கல."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது.

"உனக்கே தெரியுமா? காது கேக்கலைன்னு?"

"தெரியாம என்ன."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

டிராக்டர் இரைந்துகொண்டு வந்தது. அது கண்ணோரத்தில் பட்ட பிறகே வெர்லின் திரும்பினார். நேராக அதன் முன்னால் போய் நின்று கையைக் காட்டினார். டுவேன் எஞ்சினை நிறுத்தினார். கோல்ட்டரும் இறங்கி வந்தான்.

"டுவேன், கோல்ட்டர் கை குடுத்தது என் வாக்க நம்பி. அந்த வாக்கு தப்பு. வியாபாரம் வேண்டாம்."

"என்னப்பா இது? கை குலுக்கியாச்சு."

"தெரியும். அதனாலதான் கேட்டுக்கறேன்."

"இப்பதான நல்ல இரும்புன்னே!"

"எனக்குக் காது கேக்காது, டுவேன். சுத்தியல் சத்தம் கேக்கவே கேக்காது." அதைச் சாதாரணமாகச் சொன்னார், கடைக்குப் போய்விட்டு வந்தேன் என்பது போல. சுத்தியலை மார்லிஸிடம் நீட்டினார். "நீ அடி."

அவள் குனிந்து, சுத்தியலின் கூரான மறுமுனையால், அதே இடத்தில் அடித்தாள். துரு செதில் செதிலாகக் கொட்டியது. மூன்றாவது அடியில் முனை உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

கோல்ட்டர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சட்டத்தின் மேல் ப்ரீயும் குழந்தையும்.

"உப்பு," என்றார் டுவேன் கடைசியில். "அப்பாவோட உப்பு. எனக்குத் தோணவே இல்ல. நான் ஏமாத்தணும்னு..."

"அப்படி யாரும் சொல்லல," என்றாள் மார்லிஸ்.

டுவேன் வெர்லினின் தோளில் கையை வைக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு டிராக்டரில் ஏறிக்கொண்டார். கேலி எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"வேற கிடைக்கும் மாமா," என்றான் கோல்ட்டர், வெர்லினின் முகத்துக்கு நேராக வந்து நின்று, தேவைக்கு மேல் சத்தமாக. வெர்லின் தலையாட்டினார்.

திரும்பும் வழியில் வெர்லின்தான் ஓட்டினார். பண்ணை வாசலில் போட்ட இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மார்லிஸ் கையை நீட்டி அதை அணைத்தாள். வெர்லின் அந்தக் கையைப் பார்த்தார்.

"மார்ச்ல ஜானெல் வாங்குன பழைய வண்டியத் தட்டிப் பாத்தோமே," என்றார்.

"ஆமா."

"அன்னிக்கு நீ எங்க நின்னே?"

அவள் யோசித்தாள். அன்று காற்று கத்தி மாதிரி அடித்தது. வெர்லின் மட்டும் சுத்தியலோடு இறங்கினார். அவள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான் இறங்கல," என்றாள்.

"திரும்பித் திரும்பி உன்னப் பாத்தேன். கண்ணாடியில வானம்தான் தெரிஞ்சுது."

"அப்புறம் எப்படி நல்லாருக்குன்னு சொன்னே?"

ஜானெல் அந்த வண்டியைக் கோடையிலேயே பழுதுபார்த்து முடித்துவிட்டாள். இப்போது தினமும் இரண்டு பையன்களையும் அதில்தான் ஸ்கூல் பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறாள். எல்லாம் சரளைச் சாலை.

மார்லிஸ் போனை எடுத்து ஜானெலைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எடுக்கலையா?" அவர் அவள் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் சந்திப்பில் அவர் திரும்பவில்லை. நேராக, ஜானெலின் பையன்கள் பஸ் இறங்குகிற பக்கம் ஓட்டினார். பஸ் வருகிற நேரம்தான். மார்லிஸ் இருக்கைக்குக் கீழிருந்து சுத்தியலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முனையில் டுவேன் வீட்டுத் துரு இன்னும் ஒட்டியிருந்தது. தூரத்தில் சாலையில் புழுதி எழுந்தால் அது நகர்கிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.