பிடித்ததற்குக் காரணம்

என்னிடம் மூன்று இசைத்தட்டுகள் இருந்தன. எட்டு மாதமாக அந்த மூன்றையே கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது வாங்க மில் கூலி இடம் கொடுக்கவில்லை.

பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டு, நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழரைக்கு அறைக்கு வருவேன். அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டு ஒரு தட்டைச் சுழலவிடுவேன். பெரிய தட்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிஷம். அதற்குள் சோறு வெந்துவிடும். சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் வாங்கிய பிளேயர் அது. பக்கத்தில் இருந்த குமிழ் ஒன்று உடைந்திருந்தது. ஓடுகிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

கூட வேலை செய்த ரெமிஜியஸ்தான் சங்கத்தைப் பற்றிச் சொன்னான். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்பது பேர் கூடுவார்கள். அவனும் அதில் ஒருவன். அலமாரியில் நூற்று நாற்பது இசைத்தட்டுகள். உறுப்பினர் வாரம் இரண்டை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். நூற்று நாற்பது என்று கேட்டதிலிருந்து எனக்குப் பகல் தூக்கம் கெட்டுவிட்டது.

"சும்மா சேத்துக்க மாட்டாங்க சேகரு," என்றான். "மூணு தட்டு எடுத்துனு வரணும். ஊசி வெக்கறதுக்கு முன்னால அது ஏன் பிடிச்சிருக்குன்னு எழுந்து சொல்லணும். அப்புறம் கேப்பாங்க. நீ சொன்னது தட்டுல இருந்தா கையத் தூக்குவாங்க. அஞ்சு கை வேணும். மூணுல ரெண்டு தட்டாவது தேறணும். இல்லன்னா அடுத்த வருஷம்தான்."

"நல்லா இருக்குன்னு சொன்னா?"

"அவ்ளோதான். போன மாசம் ஒருத்தன் இனிமையா இருக்குன்னான். டீ கூட குடுக்கல."

"உன் கை ஒண்ணு நிச்சயம்."

"கூட்டினு வந்தவன் கை தூக்கக் கூடாது. பேசவும் கூடாது. உன் பாடு."

அந்த ஞாயிறு நான் தூங்காமலே போனேன். அங்கிருந்த பிளேயர் கிளாரன்ஸ் என்பவருடையது. ரயில்வேயில் குமாஸ்தா. தட்டை விளிம்பில் மட்டுமே தொடுகிறவர். அலமாரிச் சாவி பியாட்ரிஸ் டீச்சரிடம் இருந்தது. மங்களூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். என் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, "ஞானசேகரன், ஆரம்பிங்க" என்றார்.

முதல் தட்டு நாதஸ்வரம். தவில்காரருக்காகப் பிடிக்கும் என்றேன். "நாதஸ்வரம் இழுத்துக்கிட்டே போகும்போது இவர் பொறுக்காம ஒரு அடி முன்னால வந்துடறார். அப்புறம் முறைப்பு வாங்கின மாதிரி அடங்கிடறார். பதினோராவது நிமிஷம்."

கிளாரன்ஸ் கைக்கடிகாரத்தை மேஜையில் கழற்றி வைத்தார். பதினோராவது நிமிஷத்தில் தவில்காரர் பொறுக்கவில்லை. ஏழு கைகள்.

இரண்டாவது பியானோ. வார்த்தை இல்லை, அதனால் பிடிக்கும் என்றேன். ராத்திரி முழுக்க மேஸ்திரி கத்துவதைக் கேட்டு வருகிறவனுக்கு, யாரும் எதுவும் சொல்லாமல் இருப்பதே பெரிது.

"அது எல்லா பியானோ தட்டுக்கும் பொருந்துமே தம்பி," என்றார் கிளாரன்ஸ். "இந்தத் தட்டுக்கு என்ன?"

தட்டை ஓடவிட்டுக் கேட்டார்கள். மூன்று கைகள். சரியான தீர்ப்பு.

ஆகவே மூன்றாவதில்தான் எல்லாம் இருந்தது. உறை இல்லாத சின்னத் தட்டு. நடுவிலிருந்த காகிதமும் கிழிந்து போயிருந்தது. யார் பாடியது, என்ன பாஷை, ஒன்றும் தெரியாது. ஆனால் மூன்றில் அதைத்தான் அதிகம் கேட்டிருந்தேன். பயமில்லாமல் எழுந்தேன்.

"பாடறவர் வயசானவர். பொஞ்சாதி செத்து ஒரு வருஷம் ஆயிருக்கும். அழுது முடிச்சிட்டார். இனிமே அழ மாட்டார். ஒவ்வொரு வரி முடிஞ்சதும் நிதானமா மூச்சு விடறார். அடுத்த வரிக்கு ஓடற அவசரம் அவருக்கு இல்ல. பின்னால வயலின் ஒண்ணு, மாட்டு வண்டி மாதிரி, அவர் எங்க நின்னாலும் நிக்குது. காலைல ஷிப்டு முடிஞ்சு வரப்ப அவசரமில்லாத ஆளு இவர் ஒருத்தர்தான் எனக்குத் தெரிஞ்சவர்."

ஒருவர் டீக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கிளாரன்ஸ் தட்டை வைத்து, பக்கத்திலிருந்த குமிழைத் திருப்பி, ஊசியை இறக்கினார்.

ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள். பின்னால் நாலைந்து பேர் கை தட்டினார்கள். வயலின் குதித்தது.

"பெரியவருக்குக் குரல் சின்ன வயசுதான்," என்றார் ஒருவர்.

"இல்லப்பா, செத்துப்போன சம்சாரம் பாடுது."

ஹால் முழுக்கச் சிரித்தது. ரெமிஜியஸ் கூரையைப் பார்த்தான். எனக்குக் கோபம் வந்தது.

"உங்க மிஷின் தப்பா ஓடுது சார்."

கிளாரன்ஸ் ஊசியைத் தூக்கிவிட்டு மெதுவாகத் திரும்பினார். "இந்த மிஷினா? தம்பி, பெரிய தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்து. சின்னத் தட்டு நாற்பத்தஞ்சு. அதுக்குத்தான் குமிழ் இருக்கு. உன்னோடதுல குமிழ் எங்க?"

"உடைஞ்சிருக்கு."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. சின்னத் தட்டையும் என் பிளேயர் முப்பத்து மூன்றிலேயே இழுத்து ஓட்டியிருக்கிறது. எட்டு மாதம். உலகத்திலேயே இல்லாத ஒரு கிழவரை எட்டு மாதம் கேட்டிருக்கிறேன். தட்டுகளைப் பையில் போட ஆரம்பித்தேன்.

"உக்காருங்க," என்றார் பியாட்ரிஸ் டீச்சர். "கிளாரன்ஸ், ரூல் என்ன? அவர் சொன்னது தட்டுல இருக்கணும். எந்த ஸ்பீடுன்னு எழுதியிருக்கா?"

"டீச்சர், இது பாடினவளுக்கு அவமானம்."

"அவ இங்க இல்லியே. முப்பத்து மூணுல போடுங்க."

கிளாரன்ஸ் குமிழைத் திருப்பினார், பல்லைக் கடித்துக்கொண்டு. கிழவர் வந்தார். வயலின் அவரோடு நின்றது, நடந்தது. யாரும் சிரிக்கவில்லை, டீச்சரைத் தவிர. அவர் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும், "கொங்கணி, எங்க பாஷை" என்றார். "கல்யாணப் பாட்டு. மாப்பிள்ளை மீசை காஞ்ச இறால் மாதிரி இருக்குன்னு பொண்ணோட சிநேகிதிங்க கிண்டல் பண்றாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இந்த ஸ்பீடுல அந்த மீசைக்காக எனக்கே துக்கமாயிடுச்சு."

அவர் கையைத் தூக்கினார். இன்னும் மூன்று கைகள். நான்கு.

கிளாரன்ஸ் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, ஊசியை எடுத்துக் கடைசி வரியில் வைத்தார். குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். வரி முடிந்தது. மூச்சு வந்தது, நிதானமாக.

"இருக்கு," என்றார். என்னைப் பார்க்காமல் கையைத் தூக்கினார். "ஆனா இந்த ஆளுக்கு நாற்பத்தஞ்சு எதுவும் குடுக்காதீங்க. குமிழ் ரிப்பேர் பண்ற வரைக்கும் பெரிய தட்டு மட்டும்."

அலமாரி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். பஸ் போய்விடும் என்று ரெமிஜியஸ் மூன்று தடவை சொன்னான். ஒரு வீணையும், அட்டையில் கப்பல் படம் போட்ட ஒன்றும் எடுத்தேன். கப்பலில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் எடுத்தேன்.

புதிதாகச் சேருகிறவர் தன்னுடையதில் ஒன்றை அலமாரிக்குத் தர வேண்டுமாம். கிளாரன்ஸ் சின்னத் தட்டுக்குக் கையை நீட்டினார்.

"சரியான ஸ்பீடுல போடறவங்ககிட்ட இருக்கட்டும்பா. பாவம் அந்தப் பொண்ணு."

"பியானோவ வெச்சிக்கோங்க சார்," என்றேன்.